வண்டி தண்ணி குடிக்குதா? பார்த்துச் சொல்றவருக்கும் காசு கொடுங்க!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்ல அதைவிட அதிகம். எல்லாம் ஒரு குட்டிக் காரால வந்த வினை. புலம்பலாத்தான் ஆரம்பிச்சேன், எழுத எழுத வேற எங்கியோ போயிடுச்சு. பொறுமையா படிங்க மக்களே.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. ஸ்டெப்னி மாத்தவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடற ஆளு. தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க திருத்துங்க.

எங்க ஊர் ஆலத்தியூர். அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம். 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம், அப்புறம் பெரம்பலூர், 2001-ல அரியலூர், 2002-ல திரும்ப பெரம்பலூர், 2007 நவம்பர்லேர்ந்து மறுபடியும் அரியலூர். எங்க ஊர்ப் பெருசுங்ககிட்ட எந்த மாவட்டம்னு கேட்டா ஒரு நிமிஷம் யோசிச்சிட்டுத்தான் பதில் வரும் :) வெளியூர்க்காரங்களுக்கு ஆலத்தியூர்னா சிமெண்ட் ஆலைதான். 1997-ல ஓட ஆரம்பிச்சுது. அப்போ மெட்ராஸ் சிமெண்ட்ஸ், 2013-லேர்ந்து ராம்கோ சிமெண்ட்ஸ்.

ஆலை ஏன் இங்க வந்துச்சுன்னா, காலுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி, கிரிட்டேஷியஸ் காலத்துல, இங்கெல்லாம் கடல். காரை பக்கம் போனா இன்னிக்கும் கல்லுல நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் கிடைக்கும். இதை எதுக்கு இப்போ சொல்றேன்னு கேட்கறீங்களா? காரணம் இருக்கு, வர்றேன்.

அப்பாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் வேலை செய்யலை. வாரத்துல ரெண்டு நாள் திருச்சிக்குப் போய் டயாலிசிஸ். அதுக்காகத்தான் ஒரு பத்து வருஷத்து வண்டியை செகண்ட் ஹேண்டா வாங்கினேன். பெரம்பலூர் போய் நாற்கரச் சாலையைப் பிடிச்சா சிறுவாச்சூர், பாடாலூர், சமயபுரம், திருச்சி. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, தண்ணி குடிக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

முதல்ல மாசத்துக்கு ஒரு தடவை கூலன்ட் டப்பாவுல அளவு குறைஞ்சுது. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. தெருவுல லாரி ஓட்டற ஒரு அண்ணன்கிட்ட கேட்டேன். "வண்டின்னா தண்ணி குடிக்கத்தான் செய்யும், ஊத்திக்கிட்டே போங்க தம்பி"ன்னார். நானும் கொல்லையில போர் பைப்பைத் திறந்து ரெண்டு லிட்டர் பாட்டில்ல பிடிச்சு ஊத்திக்கிட்டே போனேன். நாலு மாசம்! என்னை மாதிரி அறிவாளியை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க.

ஒரு நாள் காலையில பாடாலூர் தாண்டினதும் சூடு காட்டற முள்ளு மேல ஏறுச்சு. பானட் இடுக்குல ஆவி. ஓரங்கட்டினேன். பதட்டத்துல ஒரு துணியை எடுத்து ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போயிட்டேன். எதிர்ல டீக்கடைக்காரர் கத்தினாரு பாருங்க, "தம்பி! மூடியத் தொறக்காதீங்க! மூஞ்சி வெந்துரும்!" அந்த மனுஷன் மட்டும் கத்தலைன்னா இன்னிக்கு இதை டைப் அடிக்க எனக்குக் கண்ணு இருந்திருக்குமான்னு தெரியாது.

வீட்டு குக்கரை நினைச்சுக்கோங்க. வெயிட் போட்டு அழுத்தம் ஏத்தினா தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 120 டிகிரி வரைக்கும் போகும். ரேடியேட்டர் மூடியும் அந்த வெயிட் மாதிரிதான். உள்ள ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. சூடா இருக்கறப்ப மூடியைத் திறந்தா அழுத்தம் சட்டுனு இறங்கும். 100 டிகிரிக்கு மேல இருந்த தண்ணி அந்த நொடியே ஆவியாகி முகத்துல அடிக்கும். வெயிட் இறங்கறதுக்கு முன்னாடி குக்கர் மூடியைத் திறக்க எங்க அம்மா விடமாட்டாங்க. கார் மூடிக்கு மட்டும் ஏன் நமக்கு அந்த பயம் வர்றதில்லை?

அப்பாவை ஒரு வேன்காரர் ஏத்திக்கிட்டுப் போய் விட்டார். புண்ணியவான். ஆனா ஒன்றரை மணி நேரம் லேட். அடுத்த நோயாளி காத்திருந்ததால 4 மணி நேரம் ஓட வேண்டிய மெஷின் அன்னிக்கு 3 மணி நேரம்கூட ஓடலை. எடுக்க வேண்டிய நீரை முழுசா எடுக்க முடியலை. அன்னிக்கு ராத்திரி அப்பா மல்லாந்து படுக்க முடியாம, மூச்சு வாங்கிக்கிட்டு, சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்தே விடிய வெச்சார். நானும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டியில எங்கியோ சொட்டற நாலு சொட்டுத் தண்ணி ஒரு மனுஷன் மூச்சு வரைக்கும் வரும்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

மறுநாளே வொர்க்‌ஷாப் படையெடுப்பு. பேரெல்லாம் வேண்டாம், யாரையும் குத்திக்காட்ட இதை எழுதலை.

முதல் இடத்துல பானட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், 22,000 ஆகும்"னாங்க. ரெண்டாவது இடத்துல "வாட்டர் பம்ப்"னாங்க. மூணாவது இடத்துல இன்னும் சுலபம். ஒரு பொடியைக் காட்டி, "இதைப் போடுங்க, ஓட்டை தானா அடைஞ்சுக்கும்"னாங்க. மூணு இடம், மூணு பதில். ஆனா மூணு இடத்துலயும் ஒரு விஷயம் ஒண்ணுதான். வண்டிக்குள்ள அஞ்சு நிமிஷத்துக்கு மேல யாரும் பார்க்கலை.

சரி, நாமளே பார்ப்போம்னு இறங்கினேன். படிச்சு, கேட்டு, தப்பு பண்ணி நான் கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன், யாருக்காவது உதவும்.

ஒண்ணு: வண்டிக்குக் கீழ தண்ணி சொட்டினா உடனே அலறாதீங்க. ஏசி போட்டு ஓட்டினா காத்துல இருக்கற ஈரம் தண்ணியாகி, பொதுவா முன் சீட்டு இடது பக்கத்துக்குக் கீழ சொட்டும். தொட்டுப் பாருங்க. பிசுபிசுப்பு இல்லை, நிறமில்லை, வாசனை இல்லைன்னா அது ஏசி தண்ணி. கூலன்ட்டா இருந்தா விரல்ல லேசா வழவழன்னு இருக்கும், பச்சையோ சிவப்போ நிறம் இருக்கும், தித்திப்பான ஒரு வாசனை வரும். (வாசனை மட்டும்தான்! நாக்குல வெச்சுப் பார்த்துடாதீங்க, காரணம் கீழ சொல்றேன்.)

ரெண்டு: அளவு நிஜமாவே குறையுதான்னு உறுதி பண்ணுங்க. காலையில இஞ்சின் ஆறியிருக்கறப்ப டப்பாவுல ஒரு டேப் ஒட்டி கோடு போடுங்க. சூடா இருக்கறப்ப அளவு மேல ஏறும், ஆறினா இறங்கும். காலையில ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் பார்த்துட்டு குழம்பறவங்க நிறைய பேர். நானும் குழம்பினேன்.

மூணு: ராத்திரி வண்டிக்குக் கீழ பழைய அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போடுங்க. காலையில எந்த இடத்துல கறைன்னு தெரியும். என் வண்டியில அட்டை காய்ஞ்சே கிடந்துச்சு. அப்போ கசிவே இல்லையா? இல்லை. ஆறின வண்டியில அழுத்தம் கிடையாது. சூடாகி அழுத்தம் ஏறினாத்தான் வாய் திறக்கற கசிவு உண்டு. அது சொட்டறதும் சூடான இரும்பு மேல விழுந்தா தரைக்கு வராமலே ஆவியாயிடும்.

நாலு: ஹெட் கேஸ்கட்னு யாராவது சொன்னா சாட்சி கேளுங்க. ஆயில் மூடிக்குக் கீழயோ ஆயில் குச்சியிலயோ பால் காபி மாதிரி இருக்கா? இஞ்சின் நல்லா சூடான பிறகும் சைலன்சர்ல வெள்ளைப் புகை வந்துக்கிட்டே இருக்கா? ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துலயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா? கூலன்ட் டப்பாவுல விடாம குமிழி வருதா? இதுல எதுவும் இல்லாம 22,000 ரூபாய்க்குத் தலையைக் கழட்ட விடாதீங்க. சந்தேகம் தீரலைன்னா ஒரு நீல நிற திரவம் இருக்கு. ரேடியேட்டர் வாய்ல வர்ற காத்தை அது வழியா இழுத்தா, எரிஞ்ச வாயு கலந்திருந்தா மஞ்சளாயிடும். என் வண்டியில மேல சொன்ன சாட்சி ஒண்ணுமே இல்லை.

அஞ்சு: வண்டிக்குள்ள கால் வைக்கற கார்ப்பெட் ஈரமா இருக்கா, முன் கண்ணாடியில எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படியுதான்னும் பாருங்க. அப்படின்னா ஹீட்டர் கோர் கசியுது. நம்ம ஊர்ல ஹீட்டரே போடறதில்லை, ஆனா பல வண்டிகள்ல தண்ணி அது வழியா ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

ஆறு: கசிவு இருக்கற இடத்துல காய்ஞ்ச தடம் இருக்கும். இங்கதான் எங்க ஊர் என்னைக் காமெடி பண்ணுச்சு. பானட்டுக்குள்ள எங்க பார்த்தாலும் வெள்ளை. சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுப் புழுதி. தண்ணி காய்ஞ்ச உப்புக் கறையா, புழுதியான்னு எப்படிப் பிரிக்கிறது? பள்ளிக்கூடத்துல படிச்ச ஞாபகத்துல ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சேன். கறை நுரைச்சுப் பொங்குச்சு. ஆஹா, கண்டுபிடிச்சிட்டோம்டான்னு குதிச்சேன். ஒரு சந்தேகத்துக்குப் பக்கத்துல புழுதி மேலயும் பிழிஞ்சேன். அதுவும் பொங்குச்சு. பேட்டரி தட்டு மேல பிழிஞ்சேன், அங்கயும் பொங்குச்சு. அட, எங்க ஊர்ப் புழுதியே சுண்ணாம்புதானய்யா! அம்மா வந்து "ஊறுகாய்க்கு வாங்கின பழம்டா"ன்னு திட்டினதுதான் மிச்சம் :(

அப்புறம்தான் சரியான வழி தெரிஞ்சுது. முதல்ல துடைக்கணும், அப்புறம்தான் தேடணும். ஆறின இஞ்சினை ஈரத்துணியால சுத்தமா துடைச்சு, ரெண்டு நாள் ஓட்டி, டார்ச் அடிச்சுப் பார்க்கணும். புழுதி மேலேர்ந்து சமமா படியும். கசிவு கோடு போடும், புள்ளி வைக்கும். மூணாவது நாள் பார்த்தா ரேடியேட்டருக்குப் பின்னாடி இருக்கற ஃபேன் கூட்டுல, ஒரு பக்கத்துல மட்டும், கோலமாவு தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஏதோ ஒரு இடத்துலேர்ந்து பொடிசா பீச்சி, ஃபேன் காத்து அதை இழுத்து, சூட்டுல காய வெச்சிருக்கு. ஆனா எங்கேர்ந்துன்னு தெரியலை.

இதுக்கு மேல என் சரக்கு தீர்ந்து போச்சு. செந்துறைப் பக்கம் ஒரு மரத்தடியில பட்டறை வெச்சிருக்கற வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போனேன். ரெண்டு லிஃப்ட், கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. நான் சொன்னதை முழுசா கேட்டார். அதுவே ஆச்சரியம். "தம்பி, வண்டி ஆறட்டும், டீ சாப்பிட்டு வாங்க"ன்னார். வந்தப்புறம் சைக்கிள் பம்பு மாதிரி கையால அடிக்கற ஒரு சாமானை எடுத்தார், தலையில வட்டமா ஒரு மீட்டர். ரேடியேட்டர் மூடியைக் கழட்டி, அந்த இடத்துல அதை மாட்டி, மூடியில என்ன அழுத்தம் போட்டிருக்கோ அது வரைக்கும் மெதுவா அடிச்சார். "இதுக்கு மேல அடிச்சா நல்லா இருக்கறதும் பிய்ச்சுக்கும்"னார்.

அஞ்சு நிமிஷம் ஒண்ணுமில்லை. பத்து நிமிஷத்துல முள்ளு லேசா இறங்குச்சு. ஒரு சின்ன முகம் பார்க்கற கண்ணாடியை ரேடியேட்டருக்குப் பின்னாடி விட்டு டார்ச் அடிச்சார். "இங்க பாருங்க தம்பி." மேல் பக்கம் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேர்ற விளிம்புல, ஹோஸுக்கு மறைவா, ஊசி முனை அளவு ஈரம். அதைச் சுத்தி வெள்ளையா தாடி மாதிரி உப்பு. மொத்தம் முக்கால் மணி நேரம். கேஸ்கட்டும் இல்லை, பம்பும் இல்லை.

"இவ்ளோ நாள் ஏன் தெரியலை?"ன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் செருப்படி. "கூலன்ட் ஊத்தியிருந்தா கலர் காட்டிக் கொடுத்திருக்கும், வாசனை காட்டிக் கொடுத்திருக்கும். நீங்க வெறும் தண்ணிய ஊத்தி ஊத்தி சாட்சியை அழிச்சிட்டீங்க."

போர் தண்ணி பண்ணின வேலை அது மட்டுமில்லை. இப்போ கிரிட்டேஷியஸ் கடலுக்கு வர்றேன். மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கற கரியமில வாயுவை வாங்கிக்கிட்டு சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கறப்ப கல்லைக் கரைச்சு எடுத்துக்கும். அதுதான் எங்க போர்ல வர்றது. அதைச் சூடு பண்ணினா வாயு வெளிய போயி சுண்ணாம்பு திரும்பக் கல்லாப் படியும். தற்காலிகக் கடினத்தன்மைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான். வெந்நீர் போடற பாத்திரத்துல அடியில வெள்ளையா பிடிக்குதே, அது இஞ்சினுக்குள்ள பிடிக்கும். ரேடியேட்டர் குழாய் ஏற்கனவே ஒல்லி, அதுல சுண்ணாம்பும் படிஞ்சா சூடு எப்படி வெளிய போகும்? இதே கல்லை ஆலைச் சூளையில 1450 டிகிரி வரைக்கும் சுட்டு சிமெண்ட் பண்றாங்க. நான் வண்டிக்குள்ளயே ஒரு குட்டிச் சூளை வெச்சிருந்தேன் போல.

உப்புத் தண்ணி கூலன்ட்டோட கலந்தாலும் தொல்லைதான். கூலன்ட்ல எத்திலீன் கிளைக்கால் தவிர துருப் பிடிக்காம இருக்க சில மருந்தும் சேர்ப்பாங்க. பாஸ்பேட் சேர்த்த வகையில கடினத் தண்ணி கலந்தா அந்த மருந்தே படிவமா இறங்கிடும். கடினத் தண்ணிக்குப் பயந்துதான் ஐரோப்பியக் கம்பெனிகள் பாஸ்பேட் இல்லாத வகைக்குப் போனாங்க. அதனால கலர் ஒண்ணா இருக்குன்னு எதையாவது வாங்கி ஊத்தாதீங்க. கலர் வெறும் சாயம். வண்டிப் புத்தகத்துல என்ன வகை போட்டிருக்கோ அது. கலக்கற தண்ணி பெட்ரோல் பங்க்ல விக்கற பேட்டரி வாட்டர். கலக்கவே வேண்டாம்னா ரெடியா கலந்ததே கிடைக்குது.

வீட்ல இதைச் சொன்னப்ப அப்பா சிரிச்சார். டயாலிசிஸ் மெஷினுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி வேணும், உப்புத் தண்ணி உள்ள போனா ஆளுக்கே ஆபத்துன்னு அங்க டெக்னீஷியன் அவருக்குச் சொல்லியிருக்கார். "ஏன்டா, எனக்கு மட்டும் நல்ல தண்ணி, பாவம் வண்டிக்கு போர் தண்ணியா? அதுவும் என்னை மாதிரிதானடா"ன்னார். ரொம்ப நாள் கழிச்சு அவர் சிரிச்சதைப் பார்த்தேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரேடியேட்டர், மூடி, ரெண்டு ஹோஸ், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,000 சில்லறை ஆச்சு. ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கு முதல் நாள் நடந்தது. கசிவைக் கண்டுபிடிச்சதும் சாமான் வர ஒரு நாள் ஆகும்னார். 500 ரூபாயை நீட்டினேன். வாங்க மாட்டேன்னுட்டார். "பார்த்ததுக்கு எதுக்கு தம்பி காசு? சாமான் போட்டா கூலி வாங்கிக்கறேன். பார்த்ததுக்கு வாங்கினேன்னா ஊர்ல என்ன பேசுவாங்க?"

யோசிச்சுப் பாருங்க மக்களே. அந்த முக்கால் மணி நேரம்தான் மொத்த வேலையிலயே கஷ்டமான வேலை. முப்பது வருஷ அனுபவம் அதுலதான் இருக்கு. ரேடியேட்டரைக் கழட்டி மாட்டறது ஒரு பையன் பண்ணிடுவான். ஆனா நம்ம ஊர்ல கழட்டி மாட்டறதுக்குத்தான் காசு, கண்டுபிடிக்கறதுக்குக் காசு கிடையாது. அப்போ ஒரு மெக்கானிக் என்ன பண்ணுவார்? பார்க்கறதைக் குறைச்சு, மாத்தறதைக் கூட்டுவார். 45 நிமிஷம் பார்த்துட்டு "ஒரு கிளாம்ப் லூஸு, இறுக்கிட்டேன்"னு சொன்னா நாம என்ன சொல்றோம்? "அவ்ளோதானா, தேங்க்ஸ்ண்ணே"ன்னு கிளம்பறோம். அதுவே கேஸ்கட்டை மாத்தி பழசைக் கையில கொடுத்தா பர்ஸைத் திறக்கறோம். முதல் வொர்க்‌ஷாப் மேல எனக்கு அன்னிக்குக் கோபம் இருந்துச்சு. இப்போ பாதிக் கோபம் என் மேலயே திரும்பிடுச்சு. அவங்களை அப்படிப் பழக்கினது நாமதான்.

டாக்டர்கிட்டயும் இதே கதைதானே? எங்க ஊர்ல ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. "ஒண்ணுமில்லை, ரெண்டு நாள்ல சரியாயிடும், மாத்திரை வேண்டாம்"னு சொல்றவருக்கு ஃபீஸ் கொடுக்க மனசு வராது. பாட்டில் ஏத்தினாத்தான் திருப்தி. அப்பாவுக்கு வந்த நோயும் ஆரம்பத்துல கால் வீக்கமாத்தான் தெரிஞ்சுது. அப்போ யாராவது உட்கார வெச்சு, கேட்டு, ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தா... சரி விடுங்க, அது வேற பதிவு.

எதிர்த்து வரப்போற பின்னூட்டங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன்.

"காலங்காலமா தண்ணிதான் ஊத்தினோம், அம்பாசடர் ஓடலையா?" ஓடுச்சு. அது வார்ப்பு இரும்பு இஞ்சின், செம்பு பித்தளை ரேடியேட்டர். அடைச்சா கழட்டி, கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பத்த வெச்சு மாட்டுவாங்க. அதுக்குன்னே ஊருக்கு ஊர் ரேடியேட்டர் கடை இருந்துச்சு. 2014-ல அம்பாசடரே நின்னு போச்சு. இப்போ வர்றது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். ஈயம் ஒட்டாது, உள்ள அரிச்சா மாத்தறதுதான் வழி.

"மஞ்சத்தூள் போட்டா அடைஞ்சுக்கும்." லாரிக்காரங்க வைத்தியம் அது. நடுராத்திரி நடுக்காட்டுல வீடு வந்து சேர்றதுக்கு நல்ல வைத்தியம், நான் கிண்டல் பண்ணலை. ஆனா ஓட்டையை அடைக்கற பொடிக்கு எது ஓட்டை, எது வழின்னு தெரியாது. ஒல்லிக் குழாயையும் சேர்த்து அடைக்கும். கடையில விக்கற பொடிக்கும் இதே கதைதான்.

"அவசரத்துக்குத் தண்ணி ஊத்தக் கூடாதா?" தாராளமா ஊத்துங்க. ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, இஞ்சினை அணைச்சு, குறைஞ்சது அரை மணி நேரம் ஆற விட்டு, கையில எந்தத் தண்ணி இருக்கோ அதை ஊத்துங்க. கொதிக்கற வெத்து இஞ்சின்ல குளிர்ந்த தண்ணியைக் கொட்டினா விரிசல் விடலாம், அதனாலதான் ஆறணும். ஆனா அது முதலுதவி. அதையே நாலு மாசம் பண்ணினா அதுக்குப் பேரு வைத்தியமில்லை, என்னை மாதிரி முட்டாள்தனம். இன்னொண்ணு, முள்ளு ஏறலையேன்னு நம்பி ஓட்டாதீங்க. தண்ணி மொத்தமா காலியாயிட்டா சூடு பார்க்கற சென்சார் தண்ணிக்குள்ள இருக்காது, முள்ளு பொய் சொல்லும். சில வண்டியில முள்ளே கிடையாது, சிவப்பு விளக்குதான். அது எரியறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும்.

நாக்குல வைக்காதீங்கன்னு சொன்னேனே, அந்தக் காரணம். எத்திலீன் கிளைக்கால் தித்திப்பா இருக்கும். நாய், பூனை நக்கும், குழந்தைங்க விரலை வைக்கும். உள்ள போனா சிறுநீரகத்துல ஆக்சலேட் படிகமா படிஞ்சு அதைக் கெடுத்துடும். 2022-ல காம்பியா நாட்டுல குழந்தைகள் இறந்தப்ப, அவங்க குடிச்ச இந்தியத் தயாரிப்பு இருமல் மருந்துகள்ல டை எத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் இருந்ததா உலக சுகாதார நிறுவனம் எச்சரிச்சது ஞாபகம் இருக்கும். அந்தக் குடும்பத்துச் சரக்குதான் நம்ம பானட்டுக்குள்ள ஓடுது. வீட்டு வாசல்ல சொட்டினா மண்ணைப் போட்டு மூடி அள்ளிடுங்க. பழைய கூலன்ட்டை தெருவுலயும் வாய்க்கால்லயும் ஊத்தாதீங்க. மிச்சத்தை குளிர்பான பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க. சிறுநீரகம் போனா என்னாகும்னு வாரம் ரெண்டு நாள் பார்க்கற வீட்டுக்காரன் சொல்றேன்.

கடைசியா ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வண்டியை விடறப்ப, "என்ன ஆகும்?"னு கேட்காதீங்க. "என்னன்னு பார்த்துச் சொல்லுங்க, பார்க்கறதுக்குத் தனியா தர்றேன்"னு முதல்லயே சொல்லுங்க. சாமான் எதுவும் மாத்தலைன்னாலும் கொடுங்க. மாத்தலைன்னா இன்னும் சந்தோஷமா கொடுங்க, உங்க காசை அவர் மிச்சம் பண்ணியிருக்கார். "எங்க கசியுதுன்னு எனக்குக் காட்டுங்க"ன்னும் கேளுங்க. நிஜமா பார்த்தவர் கூப்பிட்டுக் காட்டுவார்.

எங்க மெக்கானிக் அண்ணன் அந்த 500-ஐக் கடைசி வரைக்கும் வாங்கலை. சாமான் போட்ட அன்னிக்குக் கூலியோட சேர்த்து மடிச்சுக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துட்டு, "அதிகமா இருக்கே தம்பி"ன்னார். "அது பார்த்ததுக்கு"ன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, "அப்பாவை எந்த நாள் கூட்டிட்டுப் போறீங்க? முதல் நாள் சாயங்காலம் வண்டியை இப்படிக் கொண்டாந்து காட்டிட்டுப் போங்க"ன்னார்.

வண்டி இப்போ தண்ணி கேட்கறதில்லை. டேப்ல போட்ட கோடு அப்படியே நிக்குது. போன வாரம் பாடாலூர் டீக்கடையில நிறுத்தி அப்பாவும் நானும் ஒரு டீயை ரெண்டாக்கிக் குடிச்சோம் (அவருக்கு அளவு தண்ணிதான்). கடைக்காரருக்கு எங்களை ஞாபகம் இருந்துச்சு. "மூடியத் தொறக்கலியே?"ன்னு கேட்டுச் சிரிச்சார்.

பி.கு: உங்க ஊர்ல பார்த்ததுக்குக் காசு வாங்கற மெக்கானிக் யாராவது இருக்காங்களா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்த எலுமிச்சம்பழ மேட்டரை மட்டும் யாரும் கிளற வேண்டாம், ப்ளீஸ் :)